ஒரு சொட்டுக் கணக்கு

"செருப்ப வெளிய விட்டுடுங்க சார்" என்றான் பையன். வாசலில் மூன்று டிராக்டர்கள், இன்ஜின் மூடி திறந்து கிடந்த ஓர் அறுவடை இயந்திரம், டீசல் குடித்துக் கறுத்துப்போன மண். இங்கே என்ன செருப்பு ஆசாரம் என்று சிரித்துக்கொண்டேதான் கழற்றினேன். கண்ணாடிக் கதவு திறந்ததும் சிரிப்பு நின்றது. ஏ.சி. அறை. வெள்ளை டைல்ஸ். மேசைமேல் ஒரு பஞ்சு இழைகூட இல்லை. துடைக்கவும் பஞ்சு வைத்துக்கொள்வதில்லையாம். எல்லாவற்றையும் வடிகட்டிய டீசலில் கழுவி, காற்றடித்து உலர்த்துகிறார்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கம் நான் ஊசி போட்டுக்கொண்ட எந்த அறையும் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

இன்ஜினுக்குள் டீசலை அளந்து பீய்ச்சும் பம்பைப் பழுது பார்க்கும் டீசல் பம்ப் கடை. போர்டில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் 'மைக்கோ கடை' என்று கேட்டால்தான் ஆட்டோக்காரருக்குப் புரிகிறது. இந்தப் பம்புகளைச் செய்ய 1951-ல் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் சுருக்கப் பெயர் அது. 2008-ல் கம்பெனி 'பாஷ்' என்று பெயரை மாற்றிக்கொண்டது. டிராக்டர்காரர்கள் மாற்றிக்கொள்ளவில்லை.

நான் அங்கே போனது அக்கா மகனுக்காக. அவன் 2014 மாடல் டீசல் சுவிஃப்ட் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறான். 75 குதிரைசக்தி வண்டி. அதே 1248 சிசி இன்ஜின் எர்டிகாவிலும் எஸ்எக்ஸ்4-லும் 90 குதிரைசக்தி கொடுப்பதை எங்கேயோ படித்துவிட்டு, "ஒரே இன்ஜின்தானே மாமா, நம்ம வண்டிக்கும் டீசலைக் கூட்டி விட்டா 90 வந்துடாதா?" என்று இரண்டு மாதமாக அரித்துக்கொண்டிருந்தான். கோயம்புத்தூருக்குப் போகிறேன் என்றவனை, முதலில் நம் ஊர் பம்ப்காரரைக் கேட்போம் என்று இழுத்து வந்தேன். எனக்கும் அந்தக் கடையைப் பார்க்க ஆசை இருந்தது.

நாள் பார்த்து வந்ததில்தான் தப்பு. ஆவணி மாதம். திருத்துறைப்பூண்டி கடைமடை. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்தாலும், திறக்காமல் தள்ளிப் போனாலும், தண்ணீர் கடைசியாக எட்டிப் பார்ப்பது இந்தப் பக்கம்தான். வாய்க்காலில் தண்ணீர் வந்த வாரமே எல்லாருக்கும் சேற்றுழவு. எல்லா டிராக்டரும் ஒரே வாரத்தில் வயலில் நிற்கவேண்டும் என்றால், அதற்கு முந்தின வாரம் எல்லா டிராக்டரும் இந்தக் கடை வாசலில் நிற்கும். "கார் கெடக்கட்டும் தம்பி. மொதல்ல உழவு வண்டிய அனுப்பிடுறேன்" என்றார் பம்ப்காரர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். முப்பது வருடத்துக்கு மேல் டீசலில் கழுவிக் கழுவி, விரல் நுனியெல்லாம் வெளிறிப்போன கைகள்.

அப்போது அவர் முன்னால் நின்ற டிரைவரும் எங்கள் கோரிக்கையைத்தான் வைத்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் டீசலக் கூட்டி விடுங்கண்ணே. ரொட்டவேட்டரப் போட்டா சேத்துல வண்டி அமுங்குது."

"பொக என்ன கலரு?"

"கறுப்பு."

"எவ்வளவு கறுப்பு?"

டிரைவர் பதில் சொல்லாமல் சிரித்தார். பம்ப்காரர் சிரிக்கவில்லை. பையனிடம் பம்பை இறக்கச் சொன்னார்.

மூன்று சிலிண்டர் சிம்சன் இன்ஜினின் பம்ப். இரண்டு கையிலும் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் அளவு. அதைக் கழுவி, பிரித்து, ஒரு எலிமெண்டை எடுத்து என் கையில் வைத்தார். சுண்டுவிரல் பருமனில் ஓர் எஃகுத் தண்டும் அது நுழையும் உறையும். தண்டை உறைக்குள் விட்டால் தன் எடையிலேயே மெல்ல வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. உறையின் அடியை விரலால் அடைத்தால் அப்படியே நின்றுவிடுகிறது; உள்ளே சிக்கிய காற்று போக வழியில்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இராது. அதனால்தான் ஒன்றின் தண்டை இன்னொன்றின் உறையில் போடமுடியாது. பிறக்கும்போதே ஜோடியாகப் பிறந்தவை. பஞ்சு இழைக்கும் செருப்பு மண்ணுக்கும் இந்த அறையில் ஏன் தடை என்று அப்போதுதான் விளங்கியது.

ரூடால்ஃப் டீசல் 1897-ல் ஆக்ஸ்பர்க்கில் ஓட்டிக் காட்டிய இன்ஜினில் இந்தப் பம்ப் கிடையாது. எண்ணெயை உள்ளே ஊதித் தள்ள அழுத்தக்காற்று தேவைப்பட்டது. அதற்கென்று தனியாக ஒரு கம்ப்ரஸர். தொழிற்சாலையில், கப்பலில் வைக்கலாம்; வண்டியில் ஏற்றமுடியாது. 1927-ல் ஜெர்மனியின் பாஷ் கம்பெனி இந்தப் பம்பை வரிசையாகச் செய்து விற்கத் தொடங்கிய பிறகுதான் டீசல் இன்ஜின் லாரிக்கும் டிராக்டருக்கும் தாராளமாக வந்தது. நம் வயலில் மாடு போய் டிராக்டர் வந்ததில் இந்தச் சுண்டுவிரல் தண்டுக்கும் பங்கு உண்டு.

பம்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றினார். மோட்டார் அதைச் சுழற்றுகிறது. மூன்று நாசில்கள் மூன்று கண்ணாடிக் குழாய்களில் எண்ணெயைப் பீய்ச்சுகின்றன. ஒரு பீய்ச்சல் ஓர் அடி; ஆயிரம் அடி முடிந்ததும் பெஞ்ச் தானாக வெட்டிவிடும். எந்தக் குழாயில் எத்தனை சிசி என்று குனிந்து, கண்ணைக் குழாய் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்க்கவேண்டும். இங்கே டீசல் ஊற்றுவதில்லை. இதற்கென்று தனி எண்ணெய், 40 டிகிரி சூட்டில். சூடு மாறினால் எண்ணெயின் இளக்கம் மாறும், கணக்கு பொய்க்கும்.

கணக்கை அவர் வாயால் சொல்லச் சொல்ல நான் ஒரு தாளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். 45 குதிரைசக்தி டிராக்டர் முழு பாரத்தில் மணிக்குச் சுமார் பத்து லிட்டர் குடிக்கும். நிமிடத்துக்கு 2,000 சுற்று என்றால் ஒரு சிலிண்டருக்கு 1,000 அடி. மூன்று சிலிண்டருக்கு ஒரு மணி நேரத்தில் 1,80,000 அடி. பத்து லிட்டரை இதால் வகுத்தால் ஓர் அடிக்கு 0.055 சிசி. கண்ணில் விடும் மருந்தின் ஒரு சொட்டு. அந்தச் சொட்டை ஐந்நூறில் ஒரு நொடிக்குள், 200 பார் அளவு அழுத்தத்தில், புகைபோலப் பொடித்து உள்ளே அனுப்பவேண்டும். பெஞ்சில் ஆயிரம் அடிக்கு 55 சிசி வந்தால் சரி.

டிரைவரின் பம்பில் வந்தது 63, 64, 63.

"யாரோ ஏற்கெனவே திருகி வச்சிருக்கான். சீலும் இல்ல பாருங்க" என்றார். முழு பார டீசலின் அளவை நிறுத்தும் ஸ்க்ரூவைக் கம்பி கட்டி ஈய சீல் வைப்பது வழக்கம். அந்த இடத்தில் அறுந்த கம்பியின் முனை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. டிரைவர் வெளியே தெருவைப் பார்த்தார்.

அடுத்து பம்ப்காரர் செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. பம்பை விட்டுவிட்டு வாசலுக்குப் போய், டிராக்டரின் ஏர் கிளீனர் கிண்ணத்தைக் கழற்றி வரச் சொன்னார். அடியில் எண்ணெய் இருக்கவேண்டிய கிண்ணம் அது. காற்றில் வரும் தூசியை அந்த எண்ணெய் பிடித்துக்கொள்ளும். அதில் எண்ணெய் இல்லை. கேழ்வரகுக் களிபோலக் கறுப்பாக ஏதோ இருந்தது. போன அறுவடையின் வைக்கோல் தூசும் இந்த ஆடிக் காற்றின் புழுதியும் சேர்ந்து இறுகியது. ஸ்க்ரூ டிரைவரை நட்டால் நின்றது.

ஒரு கிராம் டீசல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.5 கிராம் காற்று வேண்டும். அது ஏட்டுக் கணக்கு. சிலிண்டருக்குள் காற்றும் எண்ணெயும் கலக்கக் கிடைக்கும் நேரம் சொற்பம் என்பதால் நடைமுறையில் 18, 20 கிராமாவது இருந்தால்தான் புகையில்லாமல் எரியும். டர்போ இல்லாத டிராக்டர் தானாக இழுக்கும் காற்றுக்கு 55 சிசி என்பதே கிட்டத்தட்ட எல்லை. காற்றைக் கூட்டாமல் டீசலை 63 ஆக்கினால், கூடுதல் எட்டும் பெரும்பாலும் கரியாகப் புகைக்குழாய் வழியே போகும். மிச்சம் சூடாகி பிஸ்டனைத் தின்னும். இந்த வண்டிக்கோ காற்று வழியே அடைபட்டிருந்தது. வண்டி அமுங்க அமுங்க யாரோ டீசலைக் கூட்டியிருக்கிறார்கள். மூச்சு வாங்கும் ஆளுக்குச் சோற்றைத் திணித்த கதை.

பம்ப்காரர் ஸ்க்ரூவைப் பின்னுக்குத் திருகி 55-க்குக் கொண்டுவந்தார். கூட்டச் சொல்லி வந்த டிரைவருக்குக் குறைத்துக் கொடுத்தார். புது ஈய சீல் வைத்து இடுக்கியால் அழுத்தினார். டிரைவருக்கு முகம் சரியில்லை. "கிளீனரக் கழுவி ஆயில் ஊத்தி ஓட்டு. ஒரு மா நெலத்துக்கு எத்தன லிட்டர் ஆவுதுன்னு பாத்துட்டு வந்து என்னயத் திட்டு" என்று அனுப்பினார்.

இந்தத் தொழிலில் வருமானம் கூட்டுவதில் இருக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். கேட்டவர்களுக்கெல்லாம் ஸ்க்ரூவைத் திருகிக் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை, கைமேல் காசு. அப்படிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். இல்லாவிட்டால் அந்தக் கம்பி தானாகவா அறுந்தது?

நடுவில் பையன் நாசில் டெஸ்ட் செய்து காட்டினான். கைப்பிடியை அழுத்தினால் அம்புபோல் பீய்ச்சும் புகை. நல்ல நாசில் 'கிர்ர்' என்று சத்தம் போடும். கெட்டது சத்தமில்லாமல் மூக்கு நுனியில் ஒரு சொட்டைத் தொங்கவிடும். உற்றுப் பார்க்கும் ஆர்வத்தில் கையை நீட்டினேன், பம்ப்காரர் தட்டிவிட்டார். அந்த அழுத்தத்தில் எண்ணெய் ஊசியில்லாமலே தோலுக்குள் ஏறிவிடும், விரலையே எடுக்கவேண்டி வரலாம் என்று அதட்டியபோது என்னை அவர் சார் என்று கூப்பிடவில்லை.

மாலை நான்கு மணிக்குத்தான் சுவிஃப்ட் முறை வந்தது.

"இதுல திருகுறதுக்கு ஸ்க்ரூவே கெடையாது தம்பி" என்று பானெட்டைத் திறந்து காட்டினார். காமன் ரயில். பம்பின் வேலை எண்ணெயை 1,400, 1,600 பார் என்று அழுத்தி ஒரு பொதுக் குழாயில் நிறைத்து வைப்பது மட்டும். எப்போது, எவ்வளவு என்று முடிவு செய்வது கம்ப்யூட்டர். இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தை அது கொஞ்சம் நீட்டினால் டீசல் கூடும். லேப்டாப்பை மாட்டி அந்தக் கணக்கை மாற்றி எழுதுபவர்கள் கோவையிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். ஆனால் கம்பெனி 75-ஐ 90 ஆக்கியது வெறும் எழுத்தால் இல்லை. காற்றை வேகத்துக்கேற்ப மாற்றி ஊதும் வேறு வகை டர்போவை வைத்தார்கள். இங்கேயும் காற்றுதான் முதலில். அதோடு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையிலும் பந்தயத் திடலுக்குள் ஓட்டுபவர்கள் கதை வேறு.

பெட்ரோல் வண்டிக்கு நியாயமே தலைகீழ். அங்கே சக்தி கூட்ட டர்போ வைத்துக் காற்றை ஏற்றியவர்கள், டேங்க் பம்பையும் இன்ஜெக்டரையும் பெரிதாக்காமல் விட்டால் எரிபொருள் பற்றாமல் பிஸ்டன் உருகும். 100 குதிரைசக்திக்கு முழு வேகத்தில் மணிக்கு 30 லிட்டர் பெட்ரோல் ஊட்டவேண்டும். 150 என்றால் 45. டீசலில் எண்ணெய் மிஞ்சினால் உருகும், பெட்ரோலில் எண்ணெய் குறைந்தால் உருகும். எரிபொருளைக் கூட்டுவது பற்றி மருமகன் படித்ததெல்லாம் பெட்ரோல் கார்க் கதைகள். அதை டீசலில் போட்டுப் பார்க்க வந்திருக்கிறான்.

பம்ப்காரர் வாதாடவில்லை. நான்கு சின்ன பிளாஸ்டிக் பாட்டில்களை எடுத்து, நான்கு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் ரிட்டன் குழாயைக் கழற்றி, ஒவ்வொரு பாட்டிலாக மாட்டினார். இன்ஜினை ஓடவிட்டார். தேய்ந்த இன்ஜெக்டர் உள்ளுக்குள் கசிந்து, அதிகமாகத் திருப்பி அனுப்பும். இரண்டு நிமிடம். மூன்று பாட்டிலில் விரற்கடை உயரம். மூன்றாம் இன்ஜெக்டரின் பாட்டில் பாதிக்கு வந்துவிட்டது.

"தொண்ணூறு இருக்கட்டும். ஒங்க வண்டியில இப்ப எழுவத்தஞ்சே இல்லையே தம்பி."

மருமகன் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான். பழைய வண்டியை விற்றவன் முகம் நினைவுக்கு வந்திருக்கும்.

அந்த இன்ஜெக்டரைப் பிரித்துப் பார்க்கும் பெஞ்ச் இந்தக் கடையில் இல்லை. தஞ்சாவூருக்குப் பஸ்ஸில் பார்சல் போட்டு, மூன்று நாள் கழித்து வாங்கவேண்டும். மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்திவிட்டதால் கார் வேலை இனி குறையத்தான் செய்யும். அதில் அவருக்குக் கவலையில்லை. டிராக்டர்தான் கவலை. 50 குதிரைசக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து புதிய புகை விதி. அவற்றிலும் காமன் ரயில் வந்துவிட்டது. "கண்ணாடிக் கொழாயப் பாத்து சொல்ற வேல இன்னும் பத்து வருஷம் ஓடும். அதுக்கப்பறம் பையன்தான் லேப்டாப் கத்துக்கணும்" என்றார். பையன் அப்போது அடுத்த பம்பைக் கழுவிக்கொண்டிருந்தான்.

மூன்று நாள் கழித்து இன்ஜெக்டர் வந்தது. மாட்டியபின் நான்கு பாட்டிலும் ஒரே மட்டம். மருமகன் மன்னார்குடி வரை ஓட்டிவிட்டு வந்து, "கம்ப்யூட்டர தொடவே இல்லையா மாமா? நெஜமாவா?" என்று இரண்டு தடவை கேட்டான். தொடவில்லை. வண்டி இன்னும் 75 குதிரைசக்திதான்.

கிளம்பும்போது பம்ப்காரர் ஒரு சேதி எழுதச் சொன்னார். அவரிடம் வரும் பம்புகளில் பாதிக்கு மேல் கெட்டுப்போவது தண்ணீரால். பங்க்கிலிருந்து கேனில் டீசல் வாங்கி வரப்பில் வைத்து, மழை தூற, மூடி திறந்தபடியே கிடக்க, கடைசிச் சொட்டுவரை டேங்கில் கவிழ்க்கிறார்கள். தண்ணீர் அடியில்தான் நிற்கும். கேனில் டீசல் ஊற்றுகிறவர்கள் அடியில் ஒரு டம்ளர் அளவை ஊற்றாமல் விட்டுவிடுங்கள்.