நான்கு செடிகளும் ஒரு பொதியும்

சென்ற மாரிகால விடுமுறையில் ஒரு நாள் மாலை, ஸ்காபரோவில் வாழும் எமது பால்ய நண்பர் தொலைபேசியில் அழைத்தார். பருத்தித்துறையில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாம். பேச்சின் நடுவே, "மச்சான், ஒரு சாமான் காட்டுறன் பார்" என்று சொல்லித் தமது வீட்டின் நிலவறைக்குப் படியிறங்கினார். வெள்ளிபோல் மினுங்கும் துணிக்கூடாரம் ஒன்றினுள், கண்ணைக் கூசவைக்கும் விளக்கொளியின் கீழ், இடுப்பளவு உயரத்தில் நான்கு செடிகள் நின்றன. மண் மருந்துக்கும் இல்லை. கறுத்த வாளிகளில் நிரப்பிய நீரில் வேர்கள் வெண்தாடிபோல் தொங்கின. அவை கஞ்சாச் செடிகள்.

எமது முகம் மாறியதைக் கண்ட நண்பர், "பயப்பிடாதை. இஞ்சை நாலு செடி வைக்கலாம். சட்டம் விட்டிருக்கு" என்று சிரித்தார். அவர் சொன்னது மெய்யே. 2018 ஒக்ரோபரில் கனடா கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியது. நண்பர் வாழும் ஒன்ராறியோ மாகாணத்தில் ஒரு வீட்டில் நான்கு செடிகள்வரை வளர்க்கலாம்.

அதே கிழமையில், முன்னைய ஆண்டுவரை எம்மிடம் தமிழ் படித்த மாணவன் ஒருவன், கடற்கரையில் கஞ்சாப் பொதியுடன் பிடிபட்டு விளக்கமறியலில் வைக்கப்பட்டான். இவ்விரு செய்திகளும் ஒன்றையொன்று விடாது எம் நெஞ்சில் மோதின. அந்த மோதலின் விளைவே இக்கட்டுரை.

நண்பர் தம் செடிகளைப் பற்றிப் பேசியபோது, தோட்டக்காரனின் மகன் என்பது தெரிந்தது. ஒரு பூங்கொத்தை முகர்ந்து, "இது மாம்பழ மணம், மற்றது தேசிக்காய்" என்றார். இது வெறும் கற்பனையன்று. மாம்பழத்தில் உள்ள மிர்சீன், தேசிக்காய்த் தோலில் உள்ள லிமொனீன், மிளகிலும் கராம்பிலும் உள்ள கரியோபிலீன் ஆகிய மணப்பொருள்கள் கஞ்சாப் பூவிலும் உள்ளன. அதன் குமட்டும் நெடிக்குச் சிறிதளவேயுள்ள கந்தகச் சேர்வைகளே காரணம் என 2021இல் ஆய்வாளர் கண்டனர். போதையைத் தரும் பொருளுக்கோ மணமே இல்லை. அதனை 1964இல் இஸ்ரேலிய விஞ்ஞானிகளான மெக்கூலமும் கயோனியும் பிரித்தெடுத்தனர். எமது அடுக்களையில் உள்ள மணங்களே அச்செடியிலும் உள்ளன. மணத்தில் குற்றம் இல்லை.

நீரில் பயிர் வளர்க்கும் முறையும் புதியதன்று. 1860ஆம் ஆண்டையொட்டி ஜேர்மனியில் சாக்ஸ், நொப் என்னும் இருவர், பயிருக்கு வேண்டிய உப்புகளை நீரில் கரைத்து ஊட்டினால் மண்ணின்றியே அது வளரும் என்று காட்டினர். 1937இல் கலிபோர்னியாவின் கெரிக்கே அதற்கு 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்ற பெயரை வழங்கினார். இலை தழைக்கும் பருவத்தில் நைதரசன் மிகுதியாக வேண்டும். பூக்கும் பருவத்தில் அதைக் குறைத்துப் பொசுபரசையும் பொற்றாசியத்தையும் கூட்டவேண்டும். நண்பர் நாள்தோறும் கருவியொன்றை நீரில் தோய்த்து, உப்பின் செறிவையும் அமிலத்தன்மையையும் அளக்கிறார். "கூடப் போட்டா இலை நுனி கருகும். தேவைக்கு மிஞ்சி ஒரு சொட்டும் குடுக்கக் கூடாது" என்றார்.

அதைக் கேட்டபோது எமக்கு வடமராட்சித் தோட்டங்கள் நினைவுக்கு வந்தன. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத குடாநாடு இது. சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் தேங்கும் மழைநீரே எமது கிணறு, அதுவே குடிநீர், அதுவே தோட்டத்தின் உயிர். 1970 முதல் 1977 வரை இறக்குமதி தடுக்கப்பட்ட காலத்தில் மிளகாயும் வெங்காயமும் இங்கு பொன்னாய் விளைந்தன. பசளையும் மூட்டை மூட்டையாய் மண்ணில் இறங்கியது. பயிர் உண்ணாத நைதரசன் நைத்திரேற்றாகிச் சுண்ணக்கல்லினூடே கிணற்றில் கசிந்தது. உலக சுகாதார நிறுவனம் விதித்த எல்லை ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம். தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் அந்த எல்லை கடந்துள்ளதை ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. கைக்குழந்தையின் குருதியில் ஒட்சிசனைத் தடுக்கும் நஞ்சு அது. ஸ்காபரோவில் போதைச்செடிக்குக் கிடைக்கும் துல்லியமான அளவீடு, பருத்தித்துறைக் குழந்தை குடிக்கும் நீருக்கு நாள்தோறும் கிடைக்கிறதா? அறிவு இல்லாமல் இல்லை. அது எவர் வாசலில் நிற்கிறது என்பதே கேள்வி.

இனி அந்த மாணவனைப் பற்றி. அவனது தாயார் எம் வீட்டுக்கு வந்தார். முற்றத்து வேம்பின் கீழ் நின்றவர், இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. "மாஸ்ரர், பொதியைத் தூக்கி வாகனத்தில வைக்கிறதுதான் வேலையெண்டு சொன்னவங்களாம். உள்ளுக்கு என்னெண்டு கேக்கக் கூடாதாம். தகப்பன் ஒரு கிழமை கடலுக்குப் போய்க் கொண்டுவாற காசு, ஒரு ராவில தாறமெண்டவங்களாம்" என்றார்.

தகப்பன் கொண்டுவரும் காசு ஏன் அவ்வளவு குறைந்தது? 2009இல் போர் முடிந்து கடல் திறந்தது. ஆனால் திறந்த கடலில் எமது சிறு வள்ளங்களின் வலைகளை இந்திய இழுவைப் படகுகள் அறுத்துச் சென்றன. அடிமட்ட இழுவைத் தொழிலை இலங்கைப் பாராளுமன்றம் 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. கடலில் அத்தடையை எல்லோரும் மதிக்கவில்லை. வறுமை வந்த அந்தக் கடல்வழியேதான் பொதியும் வந்தது. 'கேரளக் கஞ்சா' என்பது அதன் பெயர். உண்மையில் அதில் கணிசமான பகுதி ஆந்திர-ஒடிசா எல்லை மலைகளில் ஏழை ஆதிவாசி உழவர் பயிரிடுவது. அங்கே பயிரிடுபவன் ஏழை. இங்கே சுமப்பவன் ஏழை. இடையில் இலாபம் எடுப்பவன் மட்டும் கடற்கரை மணலில் கால் வைப்பதில்லை. பிடிபடுவது எப்போதும் மணல் ஒட்டிய கால்கள்தாம்.

சட்டத்தின் வரலாற்றையும் ஒருமுறை நோக்குவோம். வங்காளத்து நவ்காவில் அரசின் மேற்பார்வையில் கஞ்சாவைப் பயிரிடச் செய்து வரி அறவிட்டது ஆங்கில ஆட்சி. 1893-94இல் அது அமைத்த இந்தியச் சணல் போதைப்பொருள் ஆணைக்குழு, அளவான பாவனையால் பெருங்கேடு இல்லை என்றும், முற்றாகத் தடைசெய்ய வேண்டியதில்லை என்றும் அறிக்கையிட்டது. 1925இல் ஜெனீவா மாநாட்டில் எகிப்து வற்புறுத்தியதையடுத்து இச்செடி உலகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. நான்காண்டு கழித்து, 1929இல், நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச்சட்டம் இலங்கையில் பிறந்தது. எமது சித்த மருத்துவர் 'சிவமூலி' என்று அழைத்த மூலிகை, வீட்டு வேலிக்குள் வளர்க்கக்கூடாத குற்றமாயிற்று. 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டம் சுதேச வைத்தியருக்கு மருந்துத் தேவையின் அளவில் மட்டும் ஒரு சிறு வாசலைத் திறந்தது.

உலகம் பிறகு மெல்லத் திரும்பியது. 2013இல் உருகுவே, 2018இல் கனடா, 2024இல் ஜேர்மனி என நாடுகள் வீட்டுச் செடிக்கு இடம் கொடுத்தன. 2020 திசெம்பரில் ஐக்கிய நாடுகள் ஆணைக்குழு, 27க்கு 25 என்ற வாக்கால், மிகக் கொடிய போதைப்பொருள்களின் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கியது. 2025இல் எமது நாட்டிலும், ஏற்றுமதிக்கென மருத்துவக் கஞ்சா பயிரிட வெளிநாட்டு முதலீட்டாளருக்கு அனுமதி வழங்கப்பட்டது. ஒரே செடி: முதலீட்டாளன் வேலிக்குள் நின்றால் அபிவிருத்தி, ஏழையின் கையில் இருந்தால் குற்றம். இந்த அளவுகோலை எந்த நீதியின் பெயரால் ஏற்பது?

இதனால் நாம் கஞ்சாவுக்குக் கொடி பிடிக்கிறோம் என்று எவரும் கொள்ளவேண்டா. நிலவறையில் விளையும் இன்றைய பூக்களில் போதைப்பொருள் நூற்றுக்கு இருபதுக்கும் மேல் இருப்பதுண்டு. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அது சில வீதமே. மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் பதின்ம வயதினர் நாள்தோறும் பாவித்தால் நினைவாற்றல் கெடும். மனநோய் தோன்றும் அபாயம் கூடும். எமது வகுப்பறையின் பின்வாங்கில் கண் சிவந்து உறங்கும் பையன்களை நாம் அறிவோம். தொழில் இல்லாத ஊரில் போதை மலிவாய் கிடைப்பது ஆளுவோருக்கு வசதியானது; கேள்வி கேட்கவேண்டிய தலைமுறையே தலை கவிழ்ந்து கிடக்கும் அன்றோ?

இங்கு எமது குற்றம் ஒன்றையும் கூறவேண்டும். பத்தாம் தரத்தில் சித்தர் இலக்கியம் பற்றிப் பேசிய நாளில், இதே மாணவன் எழுந்து, "சேர், சிவமூலி எண்டா என்ன?" என்று கேட்டான். பின்வாங்கில் சிரிப்பொலி எழுந்தது. "அது உனக்குத் தேவையில்லை. இரு" என்றோம். அவன் இருந்தான். பிறகு அந்த ஆண்டு முழுதும் எந்தப் பாடத்திலும் அவன் எம்மிடம் எதுவும் கேட்கவில்லை. ஆசிரியர் மூடிய கதவைக் கடற்கரையில் வேறு எவனோ திறந்துவிட்டான். உள்ளே என்னவென்று கேட்கக்கூடாது என்று அந்த வியாபாரி சொன்னதற்கும், நாம் சொன்னதற்கும் என்ன வேறுபாடு?

அவன் பிணையில் வெளிவந்த மறுநாள் அவனது வீட்டுக்குச் சென்றோம். தகப்பன் திண்ணையில் அறுந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். மகன் எம்மைக் கண்டதும் எழுந்து நின்றான். "தம்பி, நீ அண்டைக்குக் கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்ல வந்தனான்" என்றோம். மேலே எழுதியவற்றைத்தான் அவனுக்குச் சொன்னோம். மணத்தையும், சட்டத்தையும், மூளையையும், முதலீட்டாளனையும் ஒளிக்காமல் சொன்னோம். நெடுநேரம் கேட்டிருந்தவன் ஈற்றில், "சேர், அந்தத் தண்ணியில வளக்கிறதை வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் செய்யலாமோ?" என்றான்.

செய்யலாம் என்றோம். ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும், முதல் வேண்டும், அளக்கும் கருவி வேண்டும், விளைந்ததை நியாய விலைக்கு வாங்கும் கூட்டுறவு வேண்டும். அவற்றை அவனுக்குக் கொடுக்க எமது கையில் ஒன்றும் இல்லை. அவனது வழக்கு இன்னும் முடியவில்லை. அடுத்த தவணை முதல், கேட்கப்படும் எந்தக் கேள்விக்கும் "இரு" என்று சொல்வதில்லை என்ற உறுதியோடு வகுப்பறைக்குள் செல்கிறோம். அந்தக் கையில் பொதியைக் கொடுப்பவர்கள் இரவுதோறும் காத்திருக்கிறார்கள். கருவியைக் கொடுப்பவர்கள் எப்போது வருவார்கள் என்று ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிக் கேட்கவேண்டிய காலம் இது.