லூதியானாவில் ஜெயித்த மதுரை

ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குக் காலை நடைக்கு வருகிறவர்களில் நாங்கள் ஐந்தாறு பேர் ஒரு செட். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். நடப்பது இரண்டு சுற்று என்றால் பேச்சு நாலு சுற்று ஓடும். போன மாதம் ஒருநாள் பேச்சு விளையாட்டுப் பக்கம் திரும்பியபோது, "நம்ம மதுரை டீம் ஒண்ணு இந்தியாவுக்கே சாம்பியன் ஆச்சே, தெரியுமா?" என்று கேட்டேன்.

"பாந்தர்ஸ்தானே? அது டி.என்.பி.எல். கிரிக்கெட்டுல்ல. 2018-ல ஜெயிச்சாங்க. அது தமிழ்நாட்டோட சரி" என்றார் ஒருவர்.

"கிரிக்கெட் இல்லண்ணே, ஃபுட்பால். அதுவும் பொம்பளப் புள்ளைக."

ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கே அது தாமதமாகத்தான் தெரிந்தது.

அணியின் பெயர் சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீக் என்ற போட்டியின் இறுதி ஆட்டம் 2019 மே 22-ம் தேதி பஞ்சாபில், லூதியானாவில் நடந்தது. அதில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று தோற்கடித்துக் கோப்பையை வாங்கியது சேது. அதற்கு முந்தைய அரையிறுதியில் எஸ்.எஸ்.பி. அணிக்கு எட்டு கோல் போட்டிருந்தார்கள். எட்டு!

மறுநாள் என்ன நாள் என்று நினைவிருக்கிறதா? 23-ம் தேதி, நாடாளுமன்றத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை. காலை எட்டு மணியிலிருந்து ஊரே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தது. மதுரையில் சு.வெங்கடேசன் ஜெயித்தார், டெல்லியில் மோடி மறுபடி வந்தார். அந்த இரண்டு மூன்று நாள் பேப்பரில் கால்பந்துக்கு இடம் எங்கே இருக்கும்? பத்து நாள் கழித்து சலூனில் முறைக்குக் காத்திருந்தபோது, பழைய பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு ஓரமாகப் பார்த்தேன். சேது எஃப்.சி., மதுரை என்று போட்டிருந்தது. இரண்டு தடவை படித்தேன். கடைக்காரரிடம் கேட்டு அந்தத் தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அதை ஏன் கிழித்து எடுத்துக்கொண்டேன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எனக்குக் கால்பந்து அப்பா வழி வந்த பைத்தியம். அப்பா ஹார்வி மில்லில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருந்தால் அரசரடி ரயில்வே மைதானத்துக்கு சைக்கிள் பாரில் என்னை உட்கார வைத்துக் கூட்டிப் போவார். அந்தக் காலத்துப் பந்து தோல் பந்து. உள்ளே பிளாடர், மேலே செருப்பு வார் மாதிரி லேஸ் கட்டி இருக்கும். மழையில் ஊறிவிட்டால் பந்து கல் மாதிரி கனக்கும். லேஸ் இருக்கிற பக்கம் நெற்றியில் பட்டால் இரண்டு நாளைக்குத் தடம் போகாது. நானும் கல்லூரி வரைக்கும் ஆடினேன். பெரிய ஆட்டக்காரன் ஒன்றும் இல்லை. பேக் ஆடுகிறவனுக்கு ஆள் கிடைக்காவிட்டால் என்னைப் போடுவார்கள், அவ்வளவுதான்.

1996-ல் என் மகள் ஒன்பதாம் வகுப்பு. ஒருநாள் சாயங்காலம் அவள் பள்ளி விளையாட்டு டீச்சர் வீட்டுக்கு வந்தார். "சார், உங்க பொண்ணு ஃபுட்பால் நல்லா ஆடுறா. திண்டுக்கல்ல மேட்ச் இருக்கு. ரெண்டு நாள். நான் கூடவே இருப்பேன்" என்றார். அவள் ஆடுகிறாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். டீச்சருக்குக் காபி கொண்டுவந்த என் அம்மா, "வயசுக்கு வந்த புள்ளய அரை டவுசரு போட்டுக்கிட்டு பந்து ஒதைக்கவா அனுப்புறது?" என்றார். நான் டீச்சரைப் பார்த்து, "அம்மாவுக்குப் பிடிக்கலை, டீச்சர். தப்பா நினைச்சுக்காதீங்க" என்றேன்.

நான் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் அம்மா ஒத்துக்கொண்டிருப்பார். எனக்கு அது அப்போதே தெரியும். மகள் அழவில்லை, உள்ளே போய்ப் பாடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு பந்து என்ற பேச்சே வீட்டில் வரவில்லை.

இப்போது அணியின் கதைக்கு வருகிறேன். இந்தியப் பெண்கள் லீக் தொடங்கியதே 2017-ல்தான். ஆண்களுக்கு நூறு வருஷத்துக்கு மேலாகக் கோப்பைகள் இருந்த நாட்டில் பெண்களுக்கு ஒரு லீக் வர அத்தனை காலம் ஆயிற்று. சேது இரண்டாவது பருவத்தில், அதாவது 2017-18-ல், உள்ளே வந்து மூன்றாவது பருவத்தில் கோப்பையை எடுத்துவிட்டது. பெண்கள் கால்பந்து என்றால் மணிப்பூர்தான் என்று இருந்த காலம் அது. அதே 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசியப் போட்டியில் தமிழ்நாடு அணி மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தி முதல் தடவையாகப் பட்டம் வாங்கியிருந்தது. அந்தச் சூடு ஆறாமல்தான் லூதியானாவிலும் ஜெயித்தார்கள் என்பது என் கணிப்பு.

இன்னொரு பொருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் மார்ச்சில் கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி அணி, மினர்வா பஞ்சாப்பை அதே 3-1 கணக்கில் வென்று ஆண்களுக்கான ஐ-லீக் பட்டத்தை எடுத்தது. இரண்டரை மாதத்தில் இரண்டு தேசியப் பட்டம் தமிழ்நாட்டுக்கு. சென்னை சிட்டி இப்போது அந்த லீக்கிலேயே இல்லை. கிளப்புகளின் ஆயுள் அப்படி. சேது தாக்குப் பிடித்தது.

"ஆடுறவங்கள்ல எத்தனை பேருங்க மதுரைக்காரங்க?" என்று நடைக் கூட்டாளி ஒருவர் மடக்கினார். நியாயமான கேள்விதான். இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். கொரோனா ஊரடங்கில் சென்னைச் சாலையில் நின்று பணி செய்தவர். சந்தியா ரங்கநாதனும் கடலூர்தான். சாபித்ரா பண்டாரி நேபாளத்திலிருந்து வந்தவர். மணிப்பூர்ப் பெண்களும் உண்டு. கடலூரில் இருந்து இத்தனை பேர் வந்ததற்குக் காரணம் அங்கே இந்திரா காந்தி பெயரில் இருக்கிற ஒரு அகாடமி. சுனாமி அடித்த கரையோரத்துப் பிள்ளைகள் பலர் அங்கே பந்து பழகியவர்கள். நான் அவருக்குச் சொன்ன பதில் இது: "சௌராஷ்டிராவுல இருந்து வந்து தறி போட்டவங்க இப்ப மதுரைக்காரங்க இல்லையா அண்ணே? சட்டையில ஊர் பேரைப் போட்டுக்கிட்டு ஆடுனா நம்ம ஊருதான்." அவரும் சௌராஷ்டிரர்தான். சிரித்துவிட்டார்.

எனக்கு இருக்கிற குறை வேறு. லீக் பல வருஷம் ஒரே ஊரில் கூடி ஆடும் போட்டியாகத்தான் நடந்தது. ஷில்லாங், லூதியானா, பெங்களூரு, புவனேஸ்வர், அகமதாபாத் என்று ஊர் மாறிக்கொண்டே போகும். சொந்த மைதானம், எதிரணி மைதானம் என்று மாறி மாறி ஆடுகிற முறை 2023-24-ல்தான் வந்தது. வெளிநாடுகளில் ஐயாயிரம் பேர் வசிக்கிற ஊரில்கூட ஒரு கிளப், அதற்கு ஒரு மைதானம், அதைச் சுற்றி நாலு பெஞ்ச் இருக்குமாம். தாத்தா உட்கார்ந்த இடத்தில் பேரன் உட்கார்ந்து கத்துவானாம். இங்கே நான் நடக்கிற ரேஸ்கோர்ஸ் புல்லில் அந்தப் பெண்கள் ஆடி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஜெயித்ததைப் பேப்பரில் படித்தேன், தோற்றதை செல்போனில் பார்த்தேன்.

தோற்றது 2022 மே 26, புவனேஸ்வரில். சேதுவும் கேரளத்தின் கோகுலமும் அதுவரை ஆடிய அத்தனை ஆட்டத்தையும் ஜெயித்துவிட்டு, கடைசி ஆட்டத்தில் ஒருவரையொருவர் சந்தித்தார்கள். கோகுலத்துக்கு டிரா போதும். சேதுவுக்கு ஜெயித்தே ஆக வேண்டும். மூன்றாவது நிமிஷமே ரேணு ராணி கோல் போட்டார். நான் போட்ட சத்தத்தில் மனைவி அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். அப்புறம் ஒரு பெனால்டி, பிறகு இன்னும் இரண்டு. இடைவேளைக்குள்ளேயே 3-1 என்று கோகுலம் போய்விட்டது. கடைசி வரைக்கும் அதே கணக்கு.

ஆட்டம் முடிந்ததும் மகளுக்கு போன் போட்டேன். அவள் ஓசூரில் இருக்கிறாள். அவளுக்கும் இரண்டு பெண்கள். 2019-ல் சலூன் பேப்பரைப் படம் எடுத்து அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது, "சூப்பர்ப்பா" என்று ஒரு வார்த்தை மட்டும் வந்தது. நானும் மேற்கொண்டு எதுவும் எழுதவில்லை. இந்தத் தடவை அவளும் ஆட்டத்தைப் பார்த்திருந்தாள்.

"லெஃப்ட் சைடை அப்படியே திறந்து விட்டுட்டாங்கப்பா. அங்க ஒருத்தி ஏறி ஏறி வந்திருந்தா கதையே வேற" என்றாள்.

கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, "அன்னைக்கு உன்னை திண்டுக்கல் அனுப்பியிருக்கணும்மா" என்றேன்.

"அதெல்லாம் எதுக்குப்பா இப்ப? நான் எந்த இடத்துல ஆடுனேன்னாவது தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது என்றேன்.

"லெஃப்ட் விங்" என்றாள்.