பழைய அரிசிக்குப் புது விலை

எங்கள் வீட்டுக்கு முதல் கடனட்டை வந்தது 2021இல். எங்கள் இருவரில் மூத்தவர் கொழும்பில் ஒரு கம்பனியில் வேலை, இளையவர் வெலிமடையில் தோட்டத்து வீட்டில் இருந்து ஒன்லைன் வகுப்பு. ஃபோனில் படித்துப் படித்துக் கண் வலித்ததுதான் மிச்சம். சம்பளம் போடுகிற வங்கியே அட்டையும் தந்ததால், கையில் காசில்லாமலே ஒரு லெப்டொப் வாங்கினோம். அம்மாவிடம் "கம்பனி குடுத்தது" என்று சொன்னோம். அது பொய்.

அப்போது வட்டி பெரிய பயமாகத் தெரியவில்லை. கொரோனா காலத்தில், 2020இல், கடனட்டைக்கு ஆண்டுக்கு 18 வீதத்துக்கு மேல் வட்டி எடுக்கக்கூடாது என்று மத்திய வங்கி உச்சவரம்பு போட்டிருந்தது. நாங்கள் அதைக்கூட வாசிக்கவில்லை. மாதாமாதம் ஸ்டேட்மெண்டில் "குறைந்தபட்சக் கொடுப்பனவு" என்று ஒரு சின்னத் தொகை இருக்கும். அதைக் கட்டினால் நல்ல பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டோம்.

பிறகு 2022 வந்தது. அந்த வருசத்தைப் பற்றி யாருக்கும் விளக்கத் தேவையில்லை. உரத்தடைக்குப் பிறகு வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்குத் தோட்டங்களில் கைவேலை குறைந்திருந்தது. கொழுந்து இல்லாத நாட்களில் அம்மா அங்கேதான் போவார், அந்தக் காசும் நின்றது. ஜூன் கடைசியில், அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. கொழும்புக் கம்பனி மூடியது. சம்பளம் பாதியாக, அதுவும் 12 நாள் பிந்தி வந்தது. வந்த காசு மாவுக்கும் பருப்புக்கும் போனது. ஜூலைத் தவணையை நாங்கள் கட்டவில்லை.

ஆகஸ்ட் ஸ்டேட்மெண்டில் பாக்கி 92,000 ரூபாய். தாமதக் கட்டணம் ஒரு வரி. வட்டி வீதம் என்ற இடத்தில் 36. எல்லாம் ஆங்கிலத்தில்.

நாங்கள் இருவரும் ஃபோனில் பேசிக்கொண்டது ஒன்றுதான்: ஒரு மாசம் கட்டாததற்கு இவ்வளவு தண்டனையா? அந்த வாரம் முழுக்க வங்கியிலிருந்து வந்த அழைப்புகளை எடுக்கவில்லை. வெட்கம். கடன் என்றால் ஏதோ திருடினது மாதிரி ஒரு உணர்வு எங்கள் ஆட்களுக்கு உண்டு. அது சும்மா வந்ததும் இல்லை. எங்கள் பாட்டன்மார் காலத்தில் தொழிலாளியின் கடனை எழுதிய "துண்டு" ஒன்று இருந்தது. அடுத்த தோட்டத்துத் துரை அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆள் இடம் மாறலாம். 1921இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். கடிதாசி ஒழிந்தது, பயம் லயத்திலேயே தங்கிவிட்டது.

கடைசியில் அம்மாவிடம் சொன்னோம், லெப்டொப் பொய்யையும் சேர்த்து. ஏசுவார் என்று நினைத்தோம். அவர் கேட்டது வேறு.

"இது நம்ம கடைக் கொப்பி மாதிரிதானே? தவண தவறினா கடக்காரன் சாமான் குடுக்க மாட்டான், சரி. ஆனா போன வருசம் வாங்கின அரிசிக்கு இந்த வருசத்து வெல போடுவானா?"

அந்தக் கேள்விதான் எங்களைக் கணக்குப் பார்க்க வைத்தது. வெலிமடை டவுனில் இருந்த கிளைக்குப் போனோம், அங்கே இருந்த அக்கா சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். அப்போதுதான் நாங்கள் இரண்டு விசயத்தை ஒன்றாகக் குழப்பியிருந்தது தெரிந்தது.

எங்கள் தவறுக்கான தண்டனை தாமதக் கட்டணமும், கட்டாத தவணை பதிவாவதும். வட்டி ஏறியது எங்களால் இல்லை. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. கடனட்டை உச்சவரம்பும் அந்த ஏப்ரலில் நீங்கியது. ஒழுங்காகக் குறைந்தபட்சத் தொகை கட்டியவர்களுக்கும் வட்டி ஏறித்தான் இருந்தது. ஃபோனுக்கு ஆங்கிலத்தில் வந்த ஒரு எஸ்.எம்.எஸ்ஸை நாங்கள் விளம்பரம் என்று அழித்திருந்தோம்.

அம்மாவின் கேள்விக்கு விடை, "ஆமா, போடுவாங்க" என்பதுதான். கடனட்டையில் வட்டி மாறினால், பழைய பாக்கிக்கும் புது வட்டி.

வீட்டுக்கு வந்து கொப்பியில் எழுதினோம். 92,000க்கு 18 வீதத்தில் மாத வட்டி 1,380. 36 வீதத்தில் 2,760. அப்போது அம்மாவின் நாள் சம்பளம் 1,000. கிட்டத்தட்ட மூன்று பேர் வெறும் வட்டிக்கு! குறைந்தபட்சத் தொகை 5 வீதம், அதாவது 4,600. அதில் வட்டி போகக் கடனில் கழிவது 1,840 மட்டும். நல்ல பிள்ளைகளாக இருந்ததன் விலை அது.

அம்மா சீட்டுக் காசை எடுத்தார், 50,000. வீட்டுக் கூரைத் தகரத்துக்கு என்று சேர்த்தது. அதை வாங்கும்போது எங்களால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மிச்சம் 42,000ஐ 12 மாதத் தவணைக் கடனாக மாற்றித் தரும்படி வங்கியில் எழுதிக் கேட்டோம். அட்டையை நிறுத்தினோம். முதல் தடவை முடியாது என்றார்கள், இரண்டாம் தடவை சம்பளச் சீட்டோடு போனபோது ஒத்துக்கொண்டார்கள். மாதம் நாலாயிரம் சொச்சம். கடைசித் தவணையைக் கட்டியது 2023 ஆகஸ்டில். அதே மாதம் மத்திய வங்கி கடனட்டைக்கு 28 வீதம் என்று மறுபடி உச்சவரம்பு போட்டது. செய்தியைப் பார்த்துச் சிரித்தோம், கொஞ்சம் கசப்பாக.

இதே இடத்தில் நிற்கிற யாராவது வாசித்தால், நாங்கள் பிந்திக் கற்றதைச் சொல்கிறோம். தவணை தவறும் என்று தெரிந்தால் திகதிக்கு முன்னமே வங்கிக்குப் போங்கள். முழுத் தொகையையும் கட்டாவிட்டால் வட்டியில்லாத காலம் என்ற சலுகை போய்விடும், குறைந்தபட்சத் தொகை உங்களைக் காப்பாற்றாது. தவணைக் கடனாக மாற்றக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். வங்கி காது கொடுக்காவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களம் இருக்கிறது, இலக்கம் 1935. கிரிப் அறிக்கையில் நீங்கள் தவறியது பதிவாகும், உண்மை. ஆனால் ஒழுங்காகக் கட்டியதும் பதிவாகும். அது துண்டு இல்லை.

நாங்கள் செய்த பெரிய தவறு ஜூலைத் தவணையைக் கட்டாதது இல்லை. அந்த மாதம் காசு இல்லை, அவ்வளவுதான். ஆனால் அம்மாவிடம் ஒரு வருசம் மறைத்தது எங்கள் தவறு. எங்களை விட அவருக்குத்தான் கடன் கணக்கு தெரியும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

கூரைத் தகரம் போன வருசம்தான் மாற்றினோம். காசு சேர்த்து வைத்து.