விருந்தினருக்குக் காட்டிய திருச்சி



மலேசியாவின் ஈப்போ நகரில் குடியேறிவிட்ட என் சின்னத்தாவின் மகன், சென்ற விடுமுறையில் மனைவியையும் பதினைந்து வயது மகளையும் அழைத்துக்கொண்டு திருச்சிக்கு வந்திருந்தார். கோலாலம்பூரிலிருந்து நேரடி விமானம் இருந்தும் அந்தப் பிள்ளை இங்கு வருவது அதுவே முதல்முறை. "மூணு நாள்ல என்னென்ன பார்க்கலாம், பெரியத்தா?" என்று வந்த அன்றே கேட்டாள். விருந்தோம்பலுக்கு நபிகளார் (ஸல்) வகுத்த காலமும் மூன்று நாட்களே. பூமியில் பயணம் செய்து முன்சென்றோரின் வரலாற்றிலிருந்து படிப்பினை பெறுமாறு திருமறை ஏவுவதை ஆண்டுதோறும் மதரஸாவில் கற்பிப்பவன் நான். சொந்த ஊரைச் சுற்றிக்காட்டுவது எளிய காரியம் என்றே எண்ணினேன்.

முதல் நாள் ஃபஜ்ரு தொழுததும், வெயில் ஏறும் முன் மலைக்கோட்டைக்குச் சென்றோம். நானூறுக்கு மேற்பட்ட படிகள். குடிநீரும் நல்ல காலணியும் இன்றி எவரும் புறப்பட வேண்டாம். காலணியை அடிவாரத்திலேயே விட்டுவிட நேரும் என்பது வேறு விஷயம். வழியில் மகேந்திரவர்ம பல்லவர் குடைவித்த ஏழாம் நூற்றாண்டுக் குகையொன்று உண்டு. சன்னதிக்குள் நாம் செல்வதில்லை; பாறையும் காற்றும் மேலிருந்து தெரியும் காட்சியும் நமக்குப் போதுமானவை. ஒருபுறம் நத்ஹர் வலி தர்காவின் குவிமாடம், காலடியில் லூர்து மாதா ஆலயத்தின் கூர்கோபுரம், வடக்கே காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் தென்னைகளுக்கு மேலாக எழும் திருவரங்கத்துக் கோபுரங்கள்.

அங்கு நின்றுதான் 1752ஆம் ஆண்டின் கதையைப் பிள்ளைக்குச் சொன்னேன். இந்தக் கோட்டையில் ஆங்கிலேயர் துணையுடன் முஹம்மது அலி; முற்றுகையிட்டவர், பிரெஞ்சுக்காரர் துணையுடன் சந்தா சாஹிப். முற்றுகை தோற்றபோது பிரெஞ்சுப் படையும் சந்தா சாஹிபும் ஆற்றைக் கடந்து திருவரங்கத்துக் கோயில் மதில்களுக்குள் ஒதுங்கினர். இறுதியில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. தஞ்சைத் தரப்பிடம் சிக்கிய சந்தா சாஹிப் கொல்லப்பட்டார். "ரெண்டு பேருமே முஸ்லிம்களா?" என்று அவள் வியந்தாள். ஆம் என்றேன். வென்ற முஹம்மது அலி வாலாஜா 1795இல் சென்னையில் மறைந்தார். அவருடைய அடக்கத்தலம் நத்ஹர் வலி தர்கா வளாகத்தில் இருக்கிறது. அன்று மாலை அங்கும் சென்று ஸலாம் கூறி, மறைந்தோருக்காக துஆ செய்து திரும்பினோம். ஸியாரத்தின் எல்லைகள் குறித்த விவாதத்தை இங்கு நான் திறக்கப் போவதில்லை.

இரண்டாம் நாள் கல்லணை. கரிகாலன் பெயரைச் சுமந்து இன்றும் நீரைப் பங்கிட்டுக் கொடுக்கும் அணை. அதன்மேல் நடந்தோம், பொரித்த மீன் தின்றோம், பிள்ளைகள் நனைந்தார்கள். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை; குடும்பத்தோடு போகத்தக்க இடம்.

மூன்றாம் நாள் திருவரங்கம். இருபது ஆண்டுகளாகத் திருச்சியில் வசிக்கும் நான் அதுவரை பேருந்தில் கடந்ததன்றி அங்கு இறங்கி நடந்ததில்லை. ஏழு மதிற்சுற்றுகளில் வெளிச்சுற்றுகள் வீடுகளும் கடைகளும் நிறைந்த தெருக்கள்; யாரும் நடக்கலாம். பல நூற்றாண்டுகள் முற்றுப்பெறாமல் நின்று 1987இல் நிறைவெய்திய 236 அடி ராஜகோபுரத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கிழக்கே வெள்ளைக் கோபுரத்தின் பக்கம் வந்தோம்.

எங்கள் வேன் ஓட்டுநர் அவ்வூர்க்காரர். எல்லாப் பயணிகளுக்கும் சொல்லும் கதையை எங்களுக்கும் தொடங்கிவிட்டார். டில்லிப் படை வந்ததும், வெள்ளாயி என்ற தேவதாசி படைத்தளபதியை மயக்கிக் கோபுர உச்சிக்கு அழைத்துப்போய்த் தள்ளிவிட்டதும், பிறகு தானும் குதித்து மாண்டதுமான கதை. "துலுக்கப் படை" என்ற சொல் வாயிலிருந்து வந்தபின்புதான் எங்களைப் பார்த்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார். பிள்ளை தலைத்துணியைச் சரிசெய்வதுபோல் முகத்தைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பெரியத்தா, அது நம்ம ஆளுங்களா?"

வெட்கத்துடன் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மதரஸாவில் இஸ்லாமிய வரலாறு நடத்தும்போது உமர் (ரலி) ஜெருசலத்தில் கிறித்தவ ஆலயங்களுக்கு அளித்த பாதுகாப்பை விரிவாகச் சொல்வேன்; 1311ஐயும் 1323ஐயும் ஒரு சொல்கூடச் சொல்லாமல் தாண்டிவிடுவேன். ஆற்றுக்கு அக்கரையில் நிகழ்ந்தது அது. அங்கே நின்றபோது தாண்டிச் செல்ல இடமில்லை.

"டில்லி சுல்தான்களோட படை ரெண்டு தடவை வந்துச்சும்மா. இந்தக் கோயிலைச் சூறையாடுனாங்க. இங்கேயிருந்து எடுத்துட்டுப் போன சிலை 1371லதான் திரும்பி வந்துச்சு. அவங்களும் கலிமா சொன்னவங்கதான். செஞ்சது தப்பு" என்றேன். வழிபாட்டுத் தலங்களைத் தகர்க்க நம் மார்க்கம் அனுமதிக்கவில்லை என்பதையும், ஒருவர் பாவம் மற்றவர் தலையில் ஏறாது என்பதையும் சொன்னேன். "அப்புறம் ஏன் எனக்கு ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். அதற்கு என்னிடம் விடை இல்லை.

ஓட்டுநர்தான் பேசினார். "பாய், உள்ளே துலுக்க நாச்சியார் சன்னதின்னு ஒண்ணு இருக்கு. பெருமாள் மேல பிரியப்பட்டு டில்லியிலேர்ந்து வந்த சுல்தான் பொண்ணுன்னு சொல்லுவாங்க. சிலையெல்லாம் இல்ல, சுவத்துல ஓவியம்தான். இன்னிக்கும் ரொட்டி சுட்டுப் படைக்கிறாங்க. பாப்பாவுக்குச் சொல்லுங்க."

அக்கதை வரலாறு அன்று; நம் அகீதாவுக்கு அதனுடன் ஒட்டும் உறவும் இல்லை என்று பிள்ளைக்குத் தெளிவாகவே சொன்னேன். ஆனால் சங்கடப்பட்டு நின்ற அயலூர்ப் பிள்ளைக்கு ஆறுதலாக அந்த மனிதர் தம்மிடம் இருந்ததிலேயே நல்லதைத் தேடி எடுத்துக் கொடுத்தார் என்பது எனக்கு விளங்கியது. அவளுக்கும் விளங்கியிருக்க வேண்டும். "ரொட்டியா? சோறு இல்லையா?" என்று கேட்டுச் சிரித்தாள். "டில்லிப் பொண்ணாச்சே!" என்று அவரும் சிரித்தார்.

மஃரிபுக்கு முன் பாலம் கடந்து இக்கரை வந்தோம். மறுநாள் அவர்களை விமானமேற்றிவிட்டேன்.

அடுத்த வாரம் வகுப்பில் கரும்பலகையில் 1323 என்று எழுதினேன். பின்வரிசைப் பையன் ஒருவன், திருவரங்கத்திலிருந்து தினமும் மிதிவண்டியில் வருபவன், கையை உயர்த்தினான். "உஸ்தாத், எங்க தெருவுல இதை எல்லாரும் சொல்லுவாங்க. நீங்க சொல்லவே மாட்டீங்கன்னு நினைச்சேன்."