தென்னை ஏற ஆள் வேண்டும்

சென்னை மயிலாப்பூரிலிருந்து ஒரு விவசாய இதழுக்குக் கேள்வி வருமா என்று சிலர் நினைக்கலாம். வருகிறது. கொல்லைப்புறத்தில் இரண்டே இரண்டு தென்னை வைத்திருப்பவரும் தென்னை விவசாயிதான். பொள்ளாச்சிக்காரர் வெள்ளை ஈயைப் பற்றிக் கேட்பார், பட்டுக்கோட்டைக்காரர் குரும்பை உதிர்வதைப் பற்றிக் கேட்பார். மயிலாப்பூர், தி.நகர், அடையாறுக்காரர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். மரம் ஏற ஆள் எங்கே கிடைக்கும்?

உரம், மருந்து என்றால் அளவைச் சொல்லி இரண்டு வரியில் முடித்துவிடலாம். இந்தக் கேள்விக்கு அப்படிப் பதில் கிடையாது.

மந்தைவெளிப் பக்கம் ஒரு மரமேறி இருக்கிறார். வயது 63. விழுப்புரத்துப் பக்கமிருந்து இளம் வயதில் வந்தவர். தோளில் கயிறு, இடுப்பில் அரிவாள், "தேங்கா பறிக்கணுமா?" என்று குரல் கொடுத்துக்கொண்டே தெருத்தெருவாக நடந்த காலம் உண்டு. அப்போது சில வீடுகளில் மரத்துக்கு இரண்டு காய்தான் கூலி. இப்போது அவர் தெருவில் நடப்பதில்லை, குரல் கொடுப்பதும் இல்லை. செல்போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. மரத்துக்கு 500 ரூபாய் கேட்கிறார், பேரம் பேசாமல் கொடுக்கிறார்கள். ஆனாலும் நான்கு பேர் கூப்பிட்டால் ஒருவர் வீட்டுக்குத்தான் போக முடிகிறது.

"ஏம்ப்பா, போன மாசமே வரேன்னு சொன்னியே?" என்கிறார் ஒரு வீட்டு மாமி.

"முட்டி வலிம்மா. மழை வேற பேஞ்சு மரம் பாசி புடிச்சுக் கெடக்கு. காயட்டும், வரேன்."

அந்த மாமிக்கு வயது 78. பிள்ளைகள் இருவரும் அமெரிக்காவில். மரம் அவர் மணமாகி அந்த வீட்டுக்கு வந்த புதிதில் மாமனார் வைத்தது. ஊரில் ஆள் பற்றாக்குறை என்று பேசுகிறவர்கள் கவனிக்காத ஒன்று இங்கே இருக்கிறது. ஏறுபவருக்கு மட்டும் வயதாகவில்லை. மரத்துக்கும் வயதாகிவிட்டது, மரத்துக்குச் சொந்தக்காரருக்கும் வயதாகிவிட்டது. நெட்டை ரகத் தென்னை 60 முதல் 80 ஆண்டுகள் வரை வாழும். ஆண்டுக்கு ஆண்டு உயரம் கூடிக்கொண்டே போகும். தி.நகரிலும் அடையாற்றிலும் தனி வீடுகள் எழுந்த காலத்தில் வைத்த கன்றுகள் இன்று மூன்று மாடிக்கு மேல் நிற்கின்றன. ஏறுபவரின் முழங்கால் மிகவும் தளர்ந்திருக்கும் வயதில், மரம் மிகவும் உயரமாக இருக்கிறது.

தோட்டத்தில் ஏறுவதும் நகரத்தில் ஏறுவதும் ஒரே வேலை அல்ல. தோட்டத்தில் குலையை வெட்டிக் கீழே தள்ளிவிடலாம். மயிலாப்பூர் சந்தில் அது நடக்காது. மரத்தடியில் கார் நிற்கும். ஒரு பக்கம் மின்கம்பி, மறுபக்கம் அடுத்த வீட்டு ஏ.சி. பெட்டியும் கண்ணாடி ஜன்னலும். குலையைக் கயிற்றில் கட்டி, மட்டையில் சுற்றிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். காய்ந்த மட்டையைக்கூட எறிய முடியாது. எந்த மட்டை எடை தாங்கும், எது பிடித்தவுடன் கையோடு வந்துவிடும் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும். இதை யாரும் பாடமாக எழுதி வைக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. மரமேறி வெறும் காய் பறிப்பவர் அல்லர், மரத்தின் முதல் வைத்தியர் அவர்தான். காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைத்திருந்தால் கீழே நிற்பவருக்கு எப்போது தெரியும்? விரிந்த ஓலை விசிறி போல வெட்டுப்பட்டு வெளியே வந்த பிறகுதான். கொண்டைக்குள் கை வைத்தவர், சக்கையைப் பார்த்ததுமே சொல்லிவிடுவார். மழைக்காலத்துக் குருத்தழுகலும் அப்படித்தான். ஓராண்டு ஆள் ஏறாவிட்டால் காய்ந்த மட்டையும் பாளையும் பன்னாடையும் சேர்ந்து எலிக்குக் குடித்தனம் வைத்துக் கொடுக்கும். முற்றிய காய் தானாக விழும். அது யார் தலையில் விழும் என்று பயந்து, குடியிருப்போர் சங்கம் கூடி மரத்தை வெட்டத் தீர்மானம் போடுகிறது. நல்ல காய்ப்பில் இருக்கும் மரம், நோய் எதுவும் இல்லாமல், ஏற ஆள் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சாகிறது.

மரமேறிக்கு இரண்டு மகன்கள். ஒருவர் ஏ.சி. மெக்கானிக், இன்னொருவர் வேன் ஓட்டுகிறார். இருவரும் ஒரு மரம்கூட ஏறியதில்லை. ஏறவிடவில்லை என்பதே சரி. "என்னோட போகட்டும்" என்று அவர் மனைவி சொல்லிவிட்டார். இதைச் சம்பளக் கணக்கால் மட்டும் விளக்க முடியாது. வேலை உள்ள நாளில் மரமேறியின் வருமானம் மகன்களின் வருமானத்துக்குக் குறைந்ததல்ல. ஆனால் மழைக்காலத்தில் வேலை இல்லை. விழுந்தால் கேட்க ஆள் இல்லை. மரம் ஏறுகிறவன் என்றால் பெண் கொடுக்கத் தயங்குகிறார்கள். கேட்டுக்கு உள்ளே வந்து காய் பறித்துக் கொடுத்தவருக்குத் தண்ணீரைத் தனிச் சொம்பில் கொடுத்த வீடுகளையும் அவர் பார்த்திருக்கிறார். மறக்கவில்லை. ஒரு வேலையைத் தாழ்வாக நடத்திவிட்டு, பிறகு அதற்கு ஆள் வரவில்லை என்று வருத்தப்படுவது நியாயமாகப் படவில்லை.

இது தென்னையோடு நிற்கும் சங்கதியும் அல்ல. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சொந்தமாகச் சாகுபடி செய்தவர்கள் சுமார் 51 லட்சம் பேர். 2011-ல் அது 42 லட்சம் சொச்சமாகக் குறைந்தது. அதே 2011 கணக்கில் மாநிலத்தில் பத்தில் ஒருவர் 60 வயதைத் தாண்டியவர். ஜப்பானில் 2020-ல் எடுத்த வேளாண் கணக்கெடுப்பில், விவசாயமே முக்கியத் தொழிலாகக் கொண்டவர்களின் சராசரி வயது 67.8. நாம் அந்த இடத்துக்கு இன்னும் போகவில்லை, ஆனால் போகும் பாதை அதுதான். தாய்லாந்தில் குரங்கைப் பழக்கித் தேங்காய் பறிக்கிறார்கள். மயிலாப்பூர் மொட்டை மாடியில் வடாம் காயும்போது அதையும் கொண்டுவர வேண்டுமா என்பதை மாமிகள் முடிவு செய்யட்டும்.

கேரளத்தில் இந்தப் பற்றாக்குறை நமக்கு முன்பே வந்துவிட்டது. அதனால் வழி தேடுவதும் முன்பே தொடங்கியது. கண்ணூர் மாவட்டத்து விவசாயி அப்பச்சன் உருவாக்கிய, நின்றபடி மிதித்து ஏறும் கருவி பல மாநிலங்களுக்குப் போயிருக்கிறது. கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் 'தென்னை மர நண்பர்கள்' என்ற பயிற்சியைத் தொடங்கியது. ஆறு நாள் பயிற்சி. கருவியால் ஏறுவது மட்டுமல்ல, கொண்டையைச் சுத்தம் செய்வது, பூச்சி நோயைக் கண்டுபிடிப்பது, முதலுதவி எல்லாம் அதில் உண்டு. பெண்களும் பயிற்சி பெற்றார்கள். பின்னர் தமிழ்நாட்டிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் வழியாக இந்தப் பயிற்சி நடந்திருக்கிறது. மரம் ஏறுபவர்களுக்கு 'கேர சுரக்ஷா' என்ற விபத்துக் காப்பீடும் வாரியத்தில் இருக்கிறது. பிரீமியத்தில் பெரும்பகுதியை வாரியமே கட்டுகிறது. இது இருப்பதே தெரியாத மரமேறிகள் சென்னையில் நிறைய. மந்தைவெளிக்காரருக்கும் 63 வயதில்தான் தெரிந்தது.

அவருடைய தங்கை மகன், 24 வயது, அந்தப் பயிற்சிக்குப் போய்வந்தவன். வாரநாளில் உணவு டெலிவரி, ஞாயிற்றுக்கிழமை மாமனோடு மரம். பையன் கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தபோது மாமன் சிரித்தார்.

"இத மாட்டி முடிக்கறதுக்குள்ள நான் நாலு காய பறிச்சுருவேன்டா."

"பறிச்சுருவீங்க மாமா. நாளைக்குக் காலையில எந்திரிப்பீங்களா?"

அதற்கு அவரிடம் பதில் இல்லை. இப்போது ஏறுவது பையன், கீழே நின்று சொல்வது மாமன். "அந்த மட்டைய தொடாத. வலப்பக்கம் குலைய மொதல்ல கட்டு. கம்பிய பாரு." கருவி உச்சிவரை கொண்டு போகும். கொண்டைக்குள் எங்கே கை வைப்பது என்பதை மாமன்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆறு நாள் பயிற்சியும் நாற்பது ஆண்டு அனுபவமும் இப்படி ஒரே மரத்தடியில் சேர்வது அபூர்வம். பயிற்சித் திட்டம் போடுகிறவர்கள் வயதான மரமேறிகளைச் சம்பளம் கொடுத்து ஆசிரியராக வைத்துக்கொண்டால் என்ன?

கேள்வி கேட்ட வாசகர்களுக்குச் சொல்லக்கூடியது இவ்வளவு. ஒரு மரத்துக்காக ஒருவரைத் தேடாதீர்கள். ஒரே தெருவில் இருபது மரம் இருந்தால் இருபது வீடும் சேர்ந்து, 45 அல்லது 60 நாளுக்கு ஒரு தேதியை நிரந்தரமாகக் குறித்துக் கொடுங்கள். வரும் வருமானம் உறுதியாகத் தெரிந்தால்தான் பையன்கள் டெலிவரி வண்டியை விட்டு வருவார்கள். ஏறும் நாளிலேயே மேல் மூன்று மட்டை இடுக்குகளில் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து மரத்துக்கு 150 கிராம் வைக்கச் சொல்லுங்கள். வண்டுக்கு அது போதும். காய் வேண்டாம், விழுந்தால் ஆபத்து என்கிறவர்கள் மரத்தை வெட்ட வேண்டியதில்லை, பாளையை வெட்டினால் போதும். பழக்கமில்லாத வாட்ச்மேனைக் காசு கொடுத்து ஏற்றாதீர்கள். புதிதாக வைக்கிறவர்கள் சௌகாட் ஆரஞ்சு போன்ற குட்டை ரகம் வையுங்கள். மூன்று நான்கு ஆண்டில் காய்க்கும், பல ஆண்டுகளுக்குத் தரையில் நின்றே துரட்டியால் பறிக்கலாம், இளநீருக்கு அருமை. வண்டுத் தாக்குதலும் வறட்சியும் குட்டைக்குக் கொஞ்சம் அதிகம் என்பதையும் தெரிந்துகொண்டு வையுங்கள்.

மந்தைவெளியில் ஒரு தெருவில் பதினான்கு வீட்டுக்காரர்கள் சேர்ந்து இப்படித் தேதி குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். பையனுக்குப் பெண் பார்க்கிறார்கள். என்ன வேலை என்று கேட்டால் இன்னும் டெலிவரி என்றுதான் வீட்டில் சொல்கிறார்கள். காப்பீட்டுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. அது கைக்கு வரும்வரை இரண்டு மாடி உயரத்துக்கு மேல் ஏறக்கூடாது என்பது மாமன் உத்தரவு. அடையாற்றில் ஒரு வீட்டில் ரொம்ப உயரமான மரம் ஒன்று, குலை குலையாகக் காயோடு நிற்கிறது. அந்த வீட்டம்மா வாரம் இரண்டு முறை போன் செய்கிறார். அதுவரை மரத்தடியில் காரை நிறுத்த வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள்.