சுபுஹுக்குப் பின் வரும் வெளிச்சம்

என்னிடம் ஓதும் மாணவர் ஒருவர், சூரிய உதயத்தைப் படமெடுப்பதற்காகச் சுபுஹு ஜமாஅத்தை விட ஆரம்பித்திருந்தார். காரணம் கேட்டேன். “கடற்கரையிலேயே தனியாகத் தொழுதுகொள்கிறேன் ஹஜ்ரத். பள்ளிக்கு வந்தால் வெளிச்சம் போய்விடுகிறது” என்றார். காயல்பட்டினம் கடற்கரையில் கேமராவோடு நிற்கும் பழக்கம் எனக்கும் உண்டு. ஆகவே அவரிடம் ஃபத்வா பேசவில்லை; கணக்குப் பேசினேன்.

ஜனவரி நடுவில் இங்கே சூரியன் உதிப்பது ஏறத்தாழ 6.35 மணிக்கு. தொடுவானத்துக்குக் கீழே 18 பாகையில் சூரியன் இருக்கும்போது சுபுஹு நேரம் தொடங்குவதாகக் கொண்டால், அது 5.20 அளவில் வரும். படத்துக்கு உகந்த நிறங்களோ உதயத்துக்கு முந்திய 20, 25 நிமிடங்களில்தான் எழுகின்றன. ஷாஃபிஈ பள்ளிகளில் இருட்டு இருக்கும்போதே தொழுகை முடிந்துவிடுகிறது. கரைக்கு நடந்து செல்லவும் நேரம் மிஞ்சும். வானம் நன்கு வெளுத்த பின் தொழும் ஹனஃபி பள்ளிகளில் இந்த இடைவெளி குறையும். அங்கே தொழுபவர் அந்த முதல் நீல வெளிச்சத்தை விட்டுவிட வேண்டியதுதான். ஜமாஅத்தோடு ஒப்பிட்டால் அது பெரிய இழப்பன்று. சூரியன் உதித்து ஓர் ஈட்டி அளவு உயரும் வரை எப்படியும் நஃபில் தொழுகை இல்லை. அந்த நிமிடங்களில் கேமராவை எடுத்துக்கொள்ளட்டும்.

அவருடைய படங்களையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் சூரியன் நட்டநடுவில். மேலே பாதி வானம், கீழே பாதி கடல். சூரியன் இருந்த இடம் வெறும் வெள்ளைப் பொட்டாக வெளிறிக் கிடந்தது. இருண்ட கரையையும் காட்ட முயலும் தானியங்கி அமைப்பு, வானத்தை எரித்துவிடுகிறது. நிழலில் மறைந்ததைப் பின்னர் ஓரளவு மீட்கலாம். வெளிறிப்போனதை மீட்க வழியில்லை. எனவே எக்ஸ்போஷரை வானத்துக்கே கணக்கிட வேண்டும். கைபேசியில், சூரியனுக்குச் சற்று விலகிய பிரகாசமான வானத்தை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுத்தால் போதும். கேமராவில் ஐஎஸ்ஓ 100, எஃப் 8, முக்காலி. ஹிஸ்டோகிராம் வலப்பக்க விளிம்பில் முட்டி நிற்கக் கூடாது. ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாமல் ‘டேலைட்’டில் வையுங்கள், தானியங்கி, செம்மையைக் குறையென்று எண்ணித் திருத்திவிடும்!

பட அமைப்பைச் சொல்லித் தருவது இதைவிடக் கடினம். மேகம் இருந்தால் வானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு கொடுக்கலாம். மேகமில்லாத நாளில் வானத்தில் சொல்ல ஒன்றுமில்லை; தொடுவானத்தை மேலே ஏற்றி, மணலுக்கு இடம் கொடுக்க வேண்டும். அலை பின்வாங்கியதும் ஈர மணல் சில நொடிகள் கண்ணாடியாகிறது. அதைப் பிடிக்க முழங்கால் உயரத்துக்குக் குனிய வேண்டும். நின்றபடி எடுத்தால் அகப்படாது. கரையில் ஏற்றிய படகு ஒன்று இருந்தால், அதன் முனை தொடுவானக் கோட்டோடு ஒட்டாமல் இடைவெளி விட்டு நில்லுங்கள். ஒட்டினால் படகின் வடிவம் கெட்டுவிடும்.

சென்ற மாதம் அழகாக அமைந்த படகு இந்த மாதம் ஏன் அமையவில்லை என்று அவர் கேட்டார். சூரியன் ஒரே இடத்தில் உதிப்பதில்லை. ஜூனில் நேர்கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை வடக்கே, டிசம்பரில் அதே அளவு தெற்கே உதிக்கிறது. காயல்பட்டினத்துக்கு இதில் ஒரு சிறப்புண்டு: டிசம்பர் கடைசியில் கிப்லாவை நோக்கி நிற்பவரின் நேர் முதுகுப்பக்கத்தில்தான் சூரியன் எழுகிறது. இதைச் சொன்னதும், மாணவர் உடனே கைபேசியில் திசைகாட்டியைத் திறந்து சரிபார்த்தார்.

இப்போது ஜமாஅத் முடிந்து ஸலாம் கொடுத்த பிறகே அவருடைய முக்காலி பள்ளி வாசலிலிருந்து புறப்படுகிறது. போன வாரம் ஈர மணல் படம் ஒன்றைக் காட்டினார். வானம் சரியாக இருந்தது. தொடுவானம்தான் இடப்பக்கம் சற்றுச் சாய்ந்திருந்தது. நிமிர்த்திக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.