இருட்டுக்கு அஞ்சும் பிள்ளையிடம் என்ன சொல்வது?



பிள்ளைகளின் இருட்டச்சம் என்றாலே இரவு உறக்கத்தைத்தான் நாம் நினைக்கிறோம். நம் நாட்டில் அது விடியற்காலைச் சிக்கலும் ஆகும். 1982 சனவரி முதல் நாள், தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது. சபா, சரவாக் மாநிலங்களின் நேரமும் நம் நேரமும் அன்று முதல் ஒன்றாயின. அதனால், கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 7 மணிக்கும் ஏழரை மணிக்கும் இடையில்தான் கதிரவன் எழுகிறான். பள்ளிப் பேருந்தில் வரும் நம் பிள்ளைகளுள் பலர் அதற்கு வெகு முன்பே சீருடையணிந்து வாசலுக்கு வந்துவிட வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியானாலும் கிள்ளான் தாமானானாலும் அவர்களின் நாள் இருட்டில்தான் தொடங்குகிறது.

எனவே, இருட்டுக்கு அஞ்சும் பிள்ளை உறக்கத்தை மட்டுமன்றிப் பள்ளி நாளையும் இழக்கிறது. என் முதலாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன் வாரத்தில் இரண்டு நாள் வரமாட்டான். தாயாரை அழைத்துக் கேட்டேன்.

"மாடிப்படியில லைட் எரியல டீச்சர். பஸ்காரர் ஹோன் அடிச்சாலும் கதவை விட்டு நகர மாட்டேங்கிறான்," என்றார்.

மாணவனிடமும் தனியாகக் கேட்டேன். கீழே பூச்சாண்டி நிற்பதாகச் சொன்னான். யார் சொன்னது என்றேன். "சோறு சாப்பிடலன்னா பாட்டி அவனைத்தானே கூப்பிடுவாங்க!" என்றான்.

பாட்டியைக் குறைகூறுவதற்கில்லை. நாம் எல்லாரும் அப்படித்தான் சோறு உண்டு வளர்ந்தோம். ஆனால், சிறு வயதில் கற்பனை வளரும் வேகத்திற்கு, அதை உண்மையிலிருந்து பிரித்தறியும் ஆற்றல் வளர்வதில்லை. சோற்றுத் தட்டின்முன் நாம் வரவழைத்த பூச்சாண்டி, சோறு முடிந்ததும் போய்விடுவதில்லை. படிக்கட்டின் கீழே குடியேறிவிடுகிறான்.

அப்படியானால், "அங்கே ஒன்றுமில்லை" என்று சொன்னால் போதுமா? அமெரிக்க உளவியலாளர்கள் கான்ஃபர், கரோலி, நியூமன் ஆகியோர் 1975-இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்கே உதவும். இருட்டுக்கு அஞ்சும் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் 45 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தனர். தாம் துணிவுள்ளவர், இருட்டில் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள இயலும் என்னும் பொருளில் ஒரு குழு சொல்லிப் பழகியது. இருட்டு இனிய இடம் என்று மற்றொரு குழு சொல்லிப் பழகியது. மூன்றாவது குழுவுக்குத் தொடர்பில்லாத குழந்தைப் பாட்டு. பின்னர் இருட்டறையில் மிகுதியாகத் தாக்குப்பிடித்தவர்கள் முதல் குழுவினரே. இருட்டைப் பற்றிச் சொன்ன நல்ல சொல்லைவிட, தன்னைப் பற்றிப் பிள்ளை சொன்ன சொல்லே வலிமையாக இருந்தது.

அந்த மாணவனுக்கும் ஒரு வாக்கியம் அமைத்தோம்: "எனக்குப் படி தெரியும், எண்ணி இறங்குவேன்." முதலில் மாலை வெளிச்சத்தில் தாயும் மகனும் படிகளை எண்ணினர். முப்பத்து நான்கு. அடுத்த சில நாள்கள் கைவிளக்கு அவன் கையில், அம்மா பக்கத்தில். பிறகு அம்மா இரண்டு படி பின்னால். அழுத நாளில் திட்டவில்லை. முந்தைய நாளின் நிலைக்கே திரும்பினார்கள். நான்காவது வாரம் அவன் ஐந்து நாளும் பள்ளிக்கு வந்தான்.

ஒன்றை மறவாதீர்கள். அச்சம் நீங்கியது என்பதற்காகப் பிள்ளையைத் தனியே அனுப்புதல் ஆகாது. தெருநாயும் விரைந்து வரும் வண்டியும் கற்பனையல்ல. பேருந்தில் ஏறும்வரை பெரியவர் ஒருவர் உடன் நிற்கட்டும். எரியாத படிக்கட்டு விளக்கைப் பற்றி அடுக்குமாடி நிர்வாகத்திடம் முறையிடுங்கள்.

ஆசிரியர்களே, அடிக்கடி வராத பிள்ளையிடம் காரணம் கேட்கும்போது விடியற்காலையைப் பற்றியும் கேளுங்கள். பெற்றோர்களே, இன்றிரவு சோறு ஊட்டுகையில் பூச்சாண்டியை மட்டும் அழைக்காதீர்கள்.